நேற்றைச் சொல்கிறவள்

என் மகளின் நேற்றுகள் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. பதினேழு வயதுப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு நேற்று கிடையாது. காலையில் தலை பின்னும்போது "நேத்து?" என்று கேட்பாள். நான் சொல்வேன். மடியில் நோட்டை வைத்துக்கொண்டு எழுதிக்கொள்வாள். என்ன சாப்பிட்டாள், யார் வந்தார்கள், எதற்குச் சிரித்தாள், எல்லாம் என் வாயிலிருந்து வரவேண்டும். நான் சொன்னால்தான் அது நடந்தது. சொல்லாமல் விட்டால் நடக்கவே இல்லை. இப்படியோர் அதிகாரம் எந்தத் தாய்க்கும் கிடைக்கக் கூடாது.

மற்றபடி அவள் மக்கு இல்லை. எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு, எந்த நாட்டுக்கு எது தலைநகர், மாத்திரை அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாள். பத்துத் தடவை கண்ணில் பட்ட விஷயம் அவளுக்குள் ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு தடவை நடந்தது மட்டும் ஒட்டாது. பேச்சு மாறினால் போதும், பத்து நிமிடத்துக்கு முன்னால் நடந்தது கழுவித் துடைத்த மாதிரி போய்விடும்.

அகராதி என்று அவளுக்குப் பெயர் வைத்தது என் தங்கை. முதலில் செல்லமாகத்தான் வைத்தாள். போகப் போக அது "அகராதி புடிச்சவ, வாயத் தொறந்தா பொய்" என்று ஆனது. எதையாவது கேட்டால் என் மகள் தெரியாது என்று சொல்லமாட்டாள். என்ன நடந்திருக்கும் என்று யோசித்து அதைச் சொல்வாள். பாதி சரியாக இருக்கும், பாதி தப்பாக இருக்கும். தப்பான பாதியைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. "கவனம் பத்தாது, என்ன பண்ணச் சொல்ற" என்று நாலு பேருக்கு முன்னால் அவள் தலையில் குட்டியிருக்கிறேன்.

அது கவனக் குறைவு இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்பது வயதானபோது யாருக்கும் சொல்லாமல் வெளியூர் டாக்டரிடம் கூட்டிப்போய் மூளையைப் படம் எடுத்தேன். நடந்ததைச் சேர்த்து வைக்கிற சின்ன இடம் இரண்டு பக்கமும் சுருங்கியிருக்கிறது என்றார். "பிறந்தப்ப மூச்சுத் திணறல் ஏதாவது?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். அந்தப் படம் இன்றைக்கும் என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. அவள் அப்பாவுக்கும் தெரியாது. அவர் சரக்கு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் வெளியூர். விஷயத்தைச் சொன்னால் அடுத்து 'எப்படி ஆச்சு?' என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதனால்தான் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. பிரசவ அறை நர்ஸ் வேலை, நின்று நின்று காலெல்லாம் கடுத்தது. அகராதி நாற்காலியில் காலை மடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் மஞ்சள் மூடி போட்ட, சூடு ஆறாத சின்ன எஃகு பாட்டில் ஒன்று இருந்தது. பார்த்தேன், யாருடையது என்று யோசிக்கவில்லை.

செருப்பைக்கூடக் கழற்றியிருக்கமாட்டேன், என் தங்கை உள்ளே வந்தாள். துணி தைக்கும் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"வாலு தூங்கிட்டாளா?" என்று கேட்டாள்.

வாலு அவள் பெண். நாலு வயது. பெயருக்கு ஏற்ற பிள்ளை.

"வாலு இங்க எங்க இருக்கா?" என்றேன்.

"என்னக்கா, நர்சரியில இருந்து கூட்டிட்டு வரச் சொல்லி காலையில அகராதிக்குப் போன் பண்ணேனே. உன் போன் ஆஸ்பத்திரிப் பெட்டியில பூட்டிக் கெடக்கும்னு வீட்டுக்கே பண்ணேன். சரி சித்தின்னாளே."

இருவரும் அகராதியைப் பார்த்தோம். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"வாலு எங்கடி?" என்றாள் தங்கை.

ஒரு நொடிகூடத் தயங்காமல், "மிஸ்கிட்ட இருக்கா சித்தி" என்றாள் என் மகள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்கிற குரல் வேறு, யோசித்துச் சொல்கிற குரல் வேறு. யோசித்துச் சொல்லும்போதுதான் இன்னும் தெளிவாகச் சொல்வாள். நர்சரிப் பிள்ளை வேறு எங்கே இருக்கும், மிஸ்ஸிடம்தான் இருக்கும். அவ்வளவுதான் அந்தப் பதிலுக்கு அர்த்தம்.

"உருப்படியா ஒரு வேலை செய்யத் தெரியுதா இதுக்கு" என்று சொல்லிக்கொண்டே தங்கை நர்சரிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனைப் பையில் போட்டுவிட்டு ஓடினாள்.

நான் அவளை நிறுத்தியிருக்க வேண்டும். 'ஓடாதே, அவ சொல்றத நம்பாதே' என்று ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு அது நிற்காது. ஒருவேளை நிஜமாகவே நர்சரியில்தான் இருக்கிறாளோ என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு, செருப்போடு நடு வீட்டில் நின்றேன். அவள் போய்த் திரும்ப இருபத்தைந்து நிமிடம் ஆனது. நான் அசையவில்லை. என் மகள் இரண்டு பக்கம் படித்து முடித்தாள்.

தங்கை திரும்பி வந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது. நர்சரி பூட்டிக் கிடந்ததாம். பக்கத்துத் தெருவில் மிஸ் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கிறாள். பன்னிரண்டரை மணிக்கு அகராதி கையெழுத்துப் போட்டுவிட்டு, வாலுவைக் கையில் பிடித்துக் கூட்டிப்போனாள் என்று சொல்லியிருக்கிறார்.

அவள் நேராகப் போய் என் மகளின் தோள்களைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏண்டி பொய் சொல்ற? எங்க விட்டுட்டு வந்த என் பிள்ளைய?"

"பூங்காவுல, ஊஞ்சல்கிட்ட" என்றாள் அகராதி. கண்ணில் நீர் முட்டியது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

தங்கை வாசலுக்குத் திரும்பினாள். பூங்கா இருப்பது ஊரின் அந்தக் கோடியில். போய் வர ஒரு மணி நேரம் ஆகும்.

"போகாத. அங்க இருக்கமாட்டா" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இவளுக்குத் தெரியாது. எங்க விட்டான்னு இவளுக்கே தெரியாது. இவ பொய் சொல்லல, ஊகிக்கிறா. சின்ன வயசுல இருந்தே இப்படித்தான். நடந்தது எதுவும் இவ மூளையில தங்காது."

"என்னக்கா உளர்ற?"

"பொறந்தப்ப இவளுக்குக் காத்து கெடைக்கல. ஆறு நிமிஷம். என்னாலதான்."

அதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினேழு வருடமாக அதைச் சுமந்ததற்கு அது மிகவும் சின்னதாக இருந்தது.

நிறைமாதத்திலும் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது வலி வந்தது. நூறு பிரசவம் பார்த்தவள், தலைப்பிரசவம் நேரமாகும் என்று எனக்குத் தெரியாதா. திரைக்குப் பின்னால் போய், குழந்தையின் துடிப்பைக் கேட்கிற கருவியை என் வயிற்றில் நானே வைத்துக்கொண்டேன். ஒரு கையில் கருவி, இன்னொரு கையில் கடிகாரம். டக் டக்கென்று கேட்டது. எண்ணினேன், நூற்று இருபத்துநாலு. குழந்தை நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன்.

பிரசவ அறையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. துடிப்பைக் கேட்கும்போது தாயின் மணிக்கட்டையும் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே எண்ணிக்கையில் வந்தால் நீ கேட்பது குழந்தையை இல்லை, தாயைத்தான். வலியிலும் பயத்திலும் தாயின் நாடி அந்த அளவுக்கு ஓடும். ஆனால் என் மணிக்கட்டைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. கூட வேலை பார்த்தவள் திரையை விலக்கி, "நான் புடிக்கட்டுமா?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாதா?" என்று அவளை அனுப்பிவிட்டேன். என் நாடியை நானே எண்ணி, என் பிள்ளை நலம் என்று குறிப்பேட்டில் எழுதினேன். உள்ளே அவள் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. பிறந்தபோது நீலமாக இருந்தாள். முகத்தில் காற்று ஊதும் பையை வைத்து அழுத்தி அழுத்தி, மூச்சு வர ஆறு நிமிடம் ஆனது.

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இது தெரிஞ்சே என் பிள்ளைய இவகூடப் பழகவிட்டியா? இப்பவும் நான் நர்சரிக்கு ஓடறதப் பாத்துட்டு நின்னியா?"

"ஆமா" என்றேன்.

அப்போதுதான் அந்த மஞ்சள் மூடி என் கண்ணில் மறுபடியும் பட்டது. வாலு நர்சரிக்குக் கொண்டுபோகிற பாட்டில் அது, எடுத்தேன். கழுத்துவரை நிறைந்திருந்தது. மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றினேன். பனிக்கட்டி போலச் சில்லென்று விழுந்தது.

"காலையில இதுல என்ன ஊத்தி அனுப்பின?"

"வெதுவெதுன்னுதான். சில்லுன்னா அவளுக்குத் தொண்டைக்கு ஒத்துக்காது." தங்கை கிட்டே வந்தாள். "ஏன்?"

அகராதியின் இடது கையை விரித்துப் பார்த்தேன். மறக்கக் கூடாததை அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். இப்போது அங்கே நீலக் கறைதான் இருந்தது. ஓரத்தில் 12.30 என்பது மட்டும் பாதி தெரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. வழியில் வாலுவுக்குத் தாகம் எடுத்திருக்கிறது. அவளை எங்கோ உட்கார வைத்துவிட்டு இவள் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள். தண்ணீர் கையில் தெறித்து எழுத்து கரைந்திருக்கிறது. எழுத்தோடு வாலுவும் போய்விட்டாள். கையில் பாட்டிலோடு நின்றவள், சரி, வீட்டுக்குப் போவோம் என்று வந்துவிட்டாள்.

எங்கே விட்டாய் என்று கேட்டால் பயனில்லை. அவளுக்குத் தெரிந்ததைத்தான் கேட்க வேண்டும். அவள் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தேன்.

"கண்ணு, நடந்தத யோசிக்காத. குளிர்ந்த தண்ணி வர்ற குழாய் நம்ம பக்கத்துல எங்கெங்க இருக்கு?"

முகம் தெளிந்தது. "மூணு எடம். உங்க ஆஸ்பத்திரி, வெளிநோயாளிப் பகுதி. பேருந்து நிலையம், அது ரிப்பேர்னு பலகை மாட்டியிருக்கு. நூலகம், வெளிப்படிக்கட்டுக்குப் பக்கத்துல."

நூலகம் நர்சரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில்தான் இருக்கிறது.

"ஒரு சின்னப் பிள்ளைய உக்கார வச்சுட்டு நூலகத்துல தண்ணி புடிக்கப் போகணும்னா, எங்க உக்கார வைப்ப?"

"கீழ்த்தளத்துல, சிறுவர் பகுதி, வட்ட மேஜை. அந்தக் கதவு தானா மூடிக்கும். கைப்பிடி ஒசரம், சின்னப் பிள்ளைக்கு எட்டாது. தெருவுக்கு ஓடிடாது." பாடம் ஒப்பிப்பது போல அதே குரலில் சொன்னாள்: "சனிக்கிழமை ரெண்டு மணிக்கு மூடுவாங்க. ஞாயிறு விடுமுறை. திங்கள் ஒன்பது மணிக்குத் திறப்பாங்க."

மணி இரண்டே முக்கால்.

மூன்று பேரும் ஓடினோம். பூட்டிய அறையில் ஒரு குழந்தை இரண்டு நாள் இருந்தாலும் காற்றுக்குக் குறைவு வராது என்று நான் படித்த படிப்புக்குத் தெரியும். என் கால்களுக்குத் தெரியவில்லை. காற்று, காற்று என்றுதான் ஓடினேன். தங்கை எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அகராதி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

காவலாளி கம்பிக் கதவைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறப் போனார். ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் அவரையும் பிடித்திருக்க முடியாது.

"உள்ள யாரும் இல்லம்மா. ஒவ்வொரு மாடியா நின்னு கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான் பூட்டினேன்."

"கீழ்த்தளத்துக்கு இறங்கிப் பாத்தீங்களா அண்ணே?" என்றேன்.

"மத்தியானத்துல அங்க யாரும் வர்றதில்லன்னு படிக்கட்டுல நின்னு குரல் குடுத்தேன். விளக்க அணைச்சேன்." சொல்லும்போதே அவர் கை சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டது. "இறங்கிப் பாக்கலம்மா."

கொத்துச் சாவியில் சரியானதைக் கண்டுபிடிக்க மூன்று சாவி போட்டுப் பார்த்தார். தங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கீழிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கதவு திறந்தது. படியில் இறங்கி, சிறுவர் பகுதிக் கதவைத் தள்ளினோம். இருட்டு, புழுக்கம், பழைய தாள் வாசனை. விளக்கைப் போட்டார். வட்ட மேஜையைச் சுற்றிச் சின்ன நாற்காலிகள், ஒன்றிலும் ஆளில்லை. தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்ததால்தான் அவளுக்குத் தெரிந்தது. மேஜைக்கு அடியில், காலைக் கட்டிக்கொண்டு, மூத்திரத்தில் நனைந்துபோய் வாலு இருந்தாள். கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்திருந்தது. அழுது அழுது தொண்டை கட்டி, குரலே வரவில்லை. தங்கை அவளை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வாலு தாயின் தோளுக்கு மேலாக அகராதியைத்தான் பார்த்தாள்.

"தண்ணி கொண்டாறேன்னு சொன்னியே அக்கா" என்றாள், காற்றாக.

அகராதி பாட்டிலை நீட்டினாள். "இந்தா." வாலு இரண்டு கையாலும் வாங்கி, மூச்சு விடாமல் குடித்தாள்.

வெளியே வந்ததும் தங்கை என்னைப் பார்க்காமலே பேசினாள். "அவளை இனிமே பொய்க்காரின்னு சொல்லமாட்டேன். உன்னைப் பத்தி எனக்கு இப்ப யோசிக்க முடியல. கொஞ்ச நாளைக்கு வராத." பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நியாயம்தான், ஆனாலும் வலித்தது.

நானும் மகளும் வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில், "அப்ப நான் பொய் சொல்றவ இல்லையாம்மா?" என்று கேட்டாள். என் குற்றத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, தன்னைப் பற்றித்தான் கேட்டாள். பதில் சொல்லாமல் நடந்தேன். வீட்டுக்கு வந்து கைகால் கழுவினாள். சாப்பிட்டாள். அப்புறம், "இன்னைக்கு சனிக்கிழமையாச்சே, சித்தி ஏன் வரல?" என்று கேட்டாள்.

எல்லாம் போய்விட்டது. நான் சொன்னதும் அவள் கேட்டதும் போய்விட்டன. அன்று முழுவதும் ஒரே ஒரு எண்ணம் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. தங்கை இவளிடம் சொல்லமாட்டாள். நானும் சொல்லாவிட்டால் அது நடக்கவே இல்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த எண்ணம் எனக்கு இனிப்பாக இருந்தது.

மறுநாள் காலை என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து தேதி போட்டாள். ஒரு பக்கத்துப் பின்னலை முடித்தேன்.

"நேத்து?" என்றாள்.

"நேத்து நீ வாலுவ நூலகத்துல விட்டுட்டு மறந்துட்ட. அப்புறம் நீயேதான் அவளைக் கண்டுபிடிச்சுக் குடுத்த." அவள் பேனா ஓடியது. "அதுக்கு முன்னாடி சித்திகிட்ட ஒண்ணு சொன்னேன், நீயும் கேட்டுட்டு இருந்த. இப்ப மறுபடியும் சொல்றேன். எழுதிக்கோ."

திரைக்குப் பின்னால் நின்றதிலிருந்து நீலமாகப் பிறந்ததுவரை எல்லாவற்றையும் சொன்னேன். நிதானமாக, ஒவ்வொரு வரியாக எழுதினாள். நூற்று இருபத்துநாலு என்பதை எண்ணில் எழுதினாள்.

"அப்ப உனக்கு இன்னொரு கை வேண்டியிருந்துச்சு" என்றாள்.

"வேணுமான்னு கேட்டாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

அதையும் எழுதினாள். பிறகு கேட்டாள், "இத நேத்து கேட்டப்ப நான் என்ன சொன்னேன்?"

மன்னித்துவிட்டாய் என்று நான் சொல்லியிருக்கலாம். அதையும் எழுதியிருப்பாள். ஒவ்வொரு நாளும் தன் கையெழுத்தில் படித்து நம்பியிருப்பாள். பின்னாத பாதி முடி என் கையில் இருந்தது.

"'அப்ப நான் பொய் சொல்றவ இல்லையா'ன்னு கேட்ட."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

பேனா நின்றது. அவள் திரும்பவில்லை. "இப்ப சொல்லு" என்றாள்.

"இல்ல. ஒருநாளும் நீ பொய் சொன்னதில்ல."

"அப்ப யாரு சொன்னது?"

"அம்மா."

அம்மா என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள். அதை அவள் நாளைக்குப் படிப்பாள், முதல் தடவை தெரிந்துகொள்கிற மாதிரி. நாளன்றைக்கும் படிப்பாள். ஒவ்வொரு காலையும் நான் அவள் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கமும் பின்னும்மா" என்றாள்.